மீகாமன் ஆதனும் சுருங்கிய கயிறும்

நடுக்கடலில் விண்மீனே கப்பலுக்கு வழிகாட்டிய காலம் அது. கேளுங்கள், பெரியோரே, பிள்ளைகளே! வேலந்துறைப் பட்டினத்தில் ஆதன் என்றொரு மீகாமன் இருந்தான். முப்பது ஆண்டு கப்பல் ஓட்டியவன். ஒருமுறைகூடத் துறை தப்பாதவன்.

அவனிடம் ஓர் இராப்பலகை இருந்தது. உள்ளங்கை அகலப் பலகை. அதன் நடுவே ஒரு கயிறு. கயிற்றில் துறைக்கு ஒரு முடிச்சு. முடிச்சைப் பல்லில் கடித்துப் பலகையை நீட்டிப் பிடிப்பான். பலகையின் அடி கடல்விளிம்பையும் தலை வடவானத்துத் துருவ விண்மீனையும் தொட்டால், அந்த முடிச்சுக்குரிய துறைக்கு நேரே கப்பல் நிற்கிறது என்று பொருள். வடக்கே போகப் போகத் துருவ மீன் உயரும்; தெற்கே வரவரத் தாழும்.

ஒருமுறை கிழக்கே கடல்கடந்த கடாரத்திலிருந்து திரும்புகையில் புயல் பிடித்தது. மூன்று நாள் காற்று, மூன்று நாள் மழை, மூன்று நாள் இருட்டு. நான்காம் இரவு வானம் தெளிந்தது. ஆதன் பலகையைப் பிடித்து அளந்தான்.

"தெற்கே தள்ளப்பட்டிருக்கிறோம். வடக்கே விடுங்கள்!" என்றான்.

மறுநாள் இரவு பலகை சரியாக வேலந்துறை முடிச்சைக் காட்டியது. கப்பலுக்கு உடையவர் சாத்தப்பச் செட்டியார் துள்ளினார். "மேற்கே திருப்பு, ஆதா! குடிதண்ணீர் மூன்று நாளுக்குத்தான் இருக்கிறது."

ஆதன் அசையவில்லை. துருவ மீன் சற்றே உயரத்தில் நிற்பதுபோல் கண்ணை உறுத்தியது. கையை நீட்டி விரல்களை அடுக்கினான். வேலந்துறையில் அது கடலுக்கு மேல் ஆறு விரல். இங்கே ஏழு! மூன்று முறை அளந்தான். மூன்று முறையும் ஏழு. கயிற்றை நீவிப் பார்த்தான். மழையில் நனைந்து சுருங்கிப் போயிருந்தது. கயிறு குறுகியதால் பலகை கண்ணுக்கு நெருங்கிப் பெரிதாகத் தெரிய, மீன் தாழ்ந்திருப்பதாகக் காட்டியிருக்கிறது.

ஆதன் எண்ணிப் பார்த்தான். முப்பது ஆண்டுப் பேர் ஒரே சொல்லில் போய்விடும். சொல்லாவிட்டாலோ, இங்கிருந்து மேற்கே கப்பலைக் கிழிக்கும் பாறைகள்.

"ஐயா, தப்பு என்னுடையது. நனைந்த கயிற்றைச் சோதிக்காமல் நம்பிவிட்டேன். நேற்றே நம் துறைக்கு நேரே இருந்தோம். தெற்கே திரும்ப வேண்டும்."

மாலுமிகள் கொதித்தார்கள். "நேற்று வடக்கு, இன்று தெற்கு, நாளைக்கு எந்தத் திக்கு?"

"என்னை நம்ப வேண்டாம். நம்மூரில் ஆறு விரல் என்று உங்களுக்கும் தெரியும். அவரவர் கையை நீட்டிப் பாருங்கள்."

ஒருவன் அளந்தான்: ஏழு. இன்னொருவன்: ஏழு. கூச்சலிட்டவனே அளந்தான்: ஏழு. பாயைத் திருப்பினார்கள்.

ஒரு நாள் தெற்கே, இரண்டு நாள் மேற்கே. மூன்றாம் நாள் உச்சிப்பொழுதில் தண்ணீர்ச் சால் வறண்டது. அன்று மாலை வேலந்துறை தெரிந்தது.

"தவறிய மீகாமனை இனியுமா வைத்திருப்பீர்?" என்று மற்ற வணிகர்கள் கேட்டார்கள்.

செட்டியார் சொன்னார்: "இவன் தவறமாட்டான் என்று இதுவரை நம்பினேன். தவறினால் சொல்லிவிடுவான் என்று இப்போது தெரிந்துகொண்டேன். இனிமேல்தான் கப்பலில் நிம்மதியாகத் தூங்குவேன்."

ஆகவே அறிந்துகொள்ளுங்கள்: தன் பிழையைத் தானே சொல்லத் துணிந்தவனே பிறருக்கு வழிகாட்டத் தக்கவன்.