பந்திக்கு எத்தனை பேர்

“எதுல போடலாம் சாமி?”

ஐயம்பெருமாள் இதைக் கேட்பது நாலாவது தடவை. நாலு புதன்கிழமை, நாலு தடவை. எனக்கே அலுத்துவிட்டது. வருகிறவர்களுக்கெல்லாம் மத்தியானச் சோறு போடுகிற ஒரு மடத்தில் நான் காய் நறுக்குகிறவன். கேள்வி என்னிடம்கூட இல்லை.

மடத்துச் சாமி அரிசி களைந்துகொண்டிருந்தார். திரும்பவில்லை.

“என்னத்தப் போட?”

“பணத்தத்தான் சாமி.”

சாமிக்கு நாற்பத்திரண்டு வயது. கேட்கிறவருக்கு அறுபது. அதையெல்லாம் பார்க்கிற நிலையில் ஐயம்பெருமாள் இல்லை. மனுசன் பயந்துபோயிருந்தார்.

முப்பத்தாறு வருஷம் பஞ்சாலையில் நூல் எடை போட்டவர். ரிட்டயர் ஆனபோது பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் சேர்த்து முப்பத்தோரு லட்சம் வந்தது. பென்ஷன் என்று வருவது காய்கறிக்குக்கூடக் காணாது. ஆக, சாகிறவரைக்கும் அவருக்கும் பெண்டாட்டிக்கும் சோறு என்றால் அந்தப் பணம்தான். பதினோரு மாசமாக அது சேமிப்புக் கணக்கில் சும்மா கிடக்கிறது.

கையில் ஒரு தடி நோட்டு. பேப்பரில் வருகிற பணச் செய்தியெல்லாம் வெட்டி ஒட்டி, நோட்டு வயிறு உப்பிப்போய் இருந்தது.

“பேங்குல டெபாசிட் போடலாம்னா வட்டி இறங்குது. விலைவாசி மட்டும் ஏறுது. தங்கம் வாங்கலாம்னா நான் வாங்கின மறுநாளே விழுந்துரும், என் ராசி அப்படி. மருமகன் ஷேர்ல போடச் சொல்லுதான். எங்க மில்லுல ஒருத்தரு போட்டு, பாதி போச்சு. எங்கியோ சண்டை நடக்குன்னு இங்க மார்க்கெட்டு விழுது சாமி. நாம என்ன செஞ்சோம்?”

“ஒண்ணும் செய்யல,” என்றார் சாமி.

“அதான் கேக்கேன். எதுல போடலாம்?”

சாமி அரிசியிலிருந்து ஒரு கல்லை எடுத்து வெளியே எறிந்தார். அது போன திசையைப் பார்த்தார்.

“கீழ உக்காந்திருக்கது யாரு?”

மடம் ஒரு சின்னப் பாறைமேல் இருக்கிறது. இருபத்திரண்டு படிக்கட்டு. அடியில் ஒரு சிமெண்ட் பெஞ்சில் ஒரு அம்மா மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாலு புதன்கிழமையும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை, அது என் புத்தி.

“வீட்டுக்காரி. ஆவுடையம்மா. முட்டு தேஞ்சு போச்சு. ஏற முடியாது.”

“வைத்தியம்?”

“ரெண்டு முட்டுக்கும் ஆபரேசன் சொல்லியிருக்காவ. செய்யத்தான் செய்யணும். பணத்த ஒரு நல்ல எடத்துல போட்டுட்டு, அதுல வார வட்டில செய்யலாம்னு இருக்கேன். முதல் பணத்துல கை வச்சா கரைஞ்சிரும்லா?”

“எப்பச் சொன்னாவ?”

“அது... தை மாசம்.”

சாமி விரலை மடக்கி எண்ணினார். பாதியில் விட்டுவிட்டார்.

“அண்ணாச்சி, நாளைக்கு எனக்கு ஊருக்குள்ள ஒரு சோலி. உலை வைக்க ஆளில்ல. நீங்க வந்து வைங்க.”

“நானா? நான் கேட்டது வேறல்லா சாமி.”

“பன்னெண்டரைக்குப் பந்தி.”

“எத்தனை பேரு வருவாவ?”

“தெரியாது,” என்று சொல்லிவிட்டு சாமி எழுந்து போய்விட்டார்.

போகிற போக்கில் என்னிடம் வந்தார். “நீரு காயையும் குழம்பையும் பாரும். சோத்துல மட்டும் கை வைக்காதேயும்.”

“அவரு திணறினா?”

“திணறட்டும்.”

மறுநாள் ஏழு மணிக்கே ஐயம்பெருமாள் வந்துவிட்டார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். நோட்டும் வந்திருந்தது. கீழே பெஞ்சில் ஆவுடையம்மாவும்.

“நேத்து எத்தனை பேருவே?”

“தொண்ணூத்திரண்டு.”

“முந்தாநாள்?”

“அறுவத்தொண்ணு.”

“போன வெள்ளி?”

“நூத்தி எழுவத்துநாலு.”

“ஏன் அவ்வளவு?”

“வந்தாவ.”

“அதான் ஏன் வந்தாவ?”

“பசிச்சிருக்கும் அண்ணாச்சி.”

என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுத ஆரம்பித்தார். மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தார். வெள்ளிக்கிழமையைக் கழித்துவிட்டு மறுபடி வகுத்தார். அரிசியைத் தராசில் நிறுத்து எடுத்தார், ஒன்பது கிலோ. கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். ரெண்டு கிலோவைத் திரும்பக் கொட்டினார்.

“இன்னிக்கு முகூர்த்த நாளாவே?”

“தெரியல.”

“முகூர்த்தம்னா ஆளு கல்யாணச் சாப்பாட்டுக்குப் போயிரும். கொறயும். பாலத்துக்கு அந்தப் பக்கம் பஸ் ஓடுதா?”

“ஓடும்.”

“ஓடும்னு சொன்னாப் போதுமா?” செல்போனை எடுத்து யார் யாருக்கோ பேசினார். பஸ் ஓடுவதாக ஒருத்தர் சொன்னார், ஓடவில்லை என்று இன்னொருத்தர் சொன்னார். இரண்டையும் எழுதிக்கொண்டார்.

ஒன்பதரை ஆனது. பாறை விளிம்புக்குப் போய் ரோட்டைப் பார்த்தார். வந்தார். ரெண்டு கிலோவைச் சேர்த்தார். மேகம் மூடியது. ஒரு கிலோவை எடுத்தார்.

நான் பூசணிக்காயும் கத்தரிக்காயும் நறுக்கி, குழம்புக்கு வைத்து, தாளித்தும் முடித்துவிட்டேன். எத்தனை பேருக்கு என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை. என்றைக்கும் வைக்கிற பானை, என்றைக்கும் வைக்கிற குழம்பு.

“அண்ணாச்சி, தண்ணியாவது கொதிக்கட்டுமே. அடுப்பப் பத்த வைக்கட்டா?”

“எவ்வளவு தண்ணி?”

எனக்கு வாய் வரைக்கும் வந்தது. அடக்கிக்கொண்டேன். சாமி சொல்லிவிட்டுப் போயிருக்கிறாரே.

பதினொன்றே முக்கால். அந்த மனுசன் முகத்தைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ராத்திரி தூங்காத கண். என்னிடம் இல்லாமல் அரிசியிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

“தப்பாப் போட்டுட்டா திரும்ப எடுக்க முடியாதுல்லா. இன்னும் முப்பத்தாறு வருஷம் நூல் எடை போடவா முடியும்? கை நடுங்குது இப்ப.”

 நான் முருங்கைக்கீரையை உருவிக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டேகாலுக்கு ஆட்கள் ஏற ஆரம்பித்தார்கள். லோடு ஏற்றுகிறவர்கள், நடைபயணமாக வந்த ரெண்டு குடும்பம், ஆஸ்பத்திரிக்கு வந்து பஸ்ஸை விட்ட ஒரு பிள்ளைத்தாச்சி. உட்கார்ந்தார்கள். வழக்கம்போல இலையைப் போட்டுவிட்டேன். அவர்களே தண்ணீர் தெளித்துத் துடைத்துக்கொண்டார்கள்.

ஐயம்பெருமாள் வாசலில் நின்று ஒவ்வொரு தலையாக எண்ணினார். காலையிலிருந்து முதல் தடவையாக அவர் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது.

“நாப்பத்தேழு! அஞ்சு கிலோ போட்டா சரியா இருக்கும்வே. அஞ்சே கிலோ!”

அடுப்பு அணைந்து கிடந்தது.

பின்னால் சாமி வந்து நின்றார். எப்போது வந்தாரோ.

“இனிமே யாரும் வர மாட்டாவளா அண்ணாச்சி?”

அந்த நேரம் பார்த்துக் கீழே ஒரு வேன் நின்றது. கதவு திறக்கிற சத்தமும், “மெதுவா, மெதுவா இறங்கு” என்று குரல்களும் கேட்டன. ஐயம்பெருமாள் பேனா நின்றுவிட்டது.

“நீங்க எப்படித்தான் கண்டுபிடிக்கீங்க?” கத்தியேவிட்டார். “சொல்லித் தொலைச்சிருக்கலாம்லா என்கிட்ட!”

“நான் எங்க கண்டுபிடிச்சேன்? எட்டு கிலோ போடுவேன். பக்கத்து அடுப்புல தண்ணி கொதிச்சுக்கிட்டுக் கெடக்கும். மூட்டை வாய் அவுந்து கெடக்கும்.”

“அது சரியா வருமா?”

“ஆறு வருஷமாப் போடுதேன். ஒரு நாளும் சரியா வரல.”

“ஒரு நாளுமா?”

“ஒரு நாளும். மிஞ்சினாத் தண்ணி ஊத்தி வச்சு, காலைல நானும் இவரும் குடிப்போம். கொறஞ்சா, ரெண்டாவது உலை இறங்குத வரைக்கும் கொஞ்சப் பேரு காத்திருப்பாவ. வையுவாவ. வாங்கிக்குவேன்.”

சாமி அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. காலையில் பல் விளக்கினேன் என்று சொல்கிற மாதிரி, அலுப்பாகத்தான் சொன்னார். தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தூணில் சாய்ந்தார்.

பந்தியில் முணுமுணுப்பு கிளம்பியது. ஒரு லோடுமேன் இலையை விரலால் தட்டினார்.

“என்னங்க.”

பந்தியின் கடைசியிலிருந்து அந்தக் குரல் வந்தது. ஐயம்பெருமாள் திரும்பினார். ஆவுடையம்மா உட்கார்ந்திருந்தார். தலையை எண்ணினவர் முகத்தைப் பார்த்திருக்கவில்லை. கீழே உட்கார முடியாமல், ஓரத்துக் கல்மேடையில், இலையை மடியருகே வைத்துக்கொண்டு. சேலை பின்பக்கம் முழுக்கப் புழுதி.

“நீ எப்படி வந்த?” என்றார் ஐயம்பெருமாள்.

“உக்காந்து உக்காந்து ஏறினேன். நீங்க சோறு பொங்குதீயன்னு கீழ சொன்னாவ. முப்பத்துநாலு வருஷத்துல அத நான் பாத்ததில்லல்லா?” சிரித்தார். பிறகு சுற்றி இருந்த இலைகளைப் பார்த்தார். தன் இலையைப் பார்த்தார். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

“இன்னும் முடிவாகலையா?”

ஐயம்பெருமாள் நோட்டை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

“பரவால்ல. ஆனதும் மொதல்ல அந்தப் பிள்ளத்தாச்சிக்குப் போடுங்க. நான் இருந்துக்குவேன். எனக்குப் பழக்கம்தான்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. நல்ல மனசோடு சொன்னார். 

 ஐயம்பெருமாள் நேராக மூட்டைக்குப் போனார். தராசைத் தொடவில்லை. ரெண்டு கையாலும் அள்ளி அள்ளிக் குண்டானில் போட்டார்.

“எத்தனை கிலோ அண்ணாச்சி?” என்று கேட்டேன். தண்ணீர் நான்தானே ஊற்ற வேண்டும்.

“தெரியலவே,” என்றார். கண் கலங்கியிருந்தது. “அடுப்பப் பத்த வையும். அந்த அடுப்பையும் சேத்துப் பத்த வையும்.”

விறகு லேசில் பிடிக்கவில்லை. விசிறியைத் தேடினார், கிடைக்கவில்லை. நோட்டால் விசிறினார்.

ஒன்றேகால் மணிக்குச் சோறு இறங்கியது. கொஞ்சம் குழைந்துவிட்டது. ரெண்டு பேர் சத்தம் போட்டார்கள். ஒருத்தர் எழுந்து போயே விட்டார். வேனில் வந்தவர்களுக்குக் காணவில்லை, ரெண்டாவது உலை இறங்குகிறவரைக்கும் வெறும் குழம்பை நக்கிக்கொண்டு இருந்தார்கள். ஐயம்பெருமாள் திட்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு ஓடி ஓடிப் பரிமாறினார்.

கடைசியாக ஆவுடையம்மா இலைக்கு வந்தார். சோறு வைத்தார். குழம்பு ஊற்றினார். பக்கத்தில், புழுதி என்றும் பார்க்காமல், தரையில் உட்கார்ந்தார்.

“நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போவோம்.”

அந்த அம்மா கை சோற்றில் நின்றது.

“பணம் எதுல போடணும்னு தெரிஞ்சிட்டா?”

“இல்ல.”

“அப்ப முதல் பணத்துல கை வைக்கணுமேங்க. கரைஞ்சிரும்னு சொல்வீயளே?”

“சாப்பிடு,” என்றார் ஐயம்பெருமாள். “ஆறிப் போகுது.”