இளவரசரைப் பார்க்க வந்த செட்டியார்

முன்னொரு காலத்தில், எந்த ஊர் என்று என்னைக் குடையாதீர்கள், ஒரு ராஜா இருந்தார். நல்லவர்தான். ஆனால் வழக்கை முழுசாகக் கேட்கும் பொறுமை கிடையாது. பாதி கேட்டதும் தீர்ப்பைச் சொல்லிவிடுவார். மீதியைச் சரிக்கட்டுவது சபை விகடன் முத்திருளன் பாடு.

ஒருநாள் செக்காட்டும் வைரவன் சபையில் வந்து விழுந்தான். அவனும் பூக்கட்டி விற்கும் செங்கமலமும் ஒத்துவராமல் ஊரறியப் பிரிந்தவர்கள். மகள் மயிலாள் தாயிடம் இருந்தாள்.

"மகாராஜா, புள்ளைய எங்கிட்டயும் பாதி நாள் விடச் சொல்லுங்க. நெல்லு தரலன்னு அவ மூஞ்சியக்கூடக் காட்ட மாட்டேங்குறா."

களஞ்சிய அதிகாரி அனந்தகோடி முந்திக்கொண்டார். விகடன் வாய் திறக்குமுன் தாம் பெயர் வாங்க வேண்டும் என்ற அரிப்பு அவருக்கு எப்போதும் உண்டு.

"பிரபு, இவன் செக்குமாடு செத்ததிலிருந்து பிள்ளைக்கு ஒரு மணி நெல் தரவில்லை. தராதவனுக்குப் பிள்ளை எதற்கு?"

"அதுவும் சரிதான்! பிள்ளைக்குச் சோறு போடுபவர் எவரோ, அவரே பிள்ளையைப் பார்க்கலாம். மற்றவர் நிழல்கூடப் படக் கூடாது. நாடு முழுமைக்கும் இதுவே சட்டம்!" என்றார் ராஜா.

"ஒரு வீடு விடாமல் சட்டம் நடக்கிறதா என்று விகடரே பார்க்கட்டும் பிரபு. தவறினால் அவர் தலை போகும்" என்று அனந்தகோடி கொக்கி போட்டார். ராஜா அதற்கும் தலையாட்டினார்.

வைரவன் தேம்பிக்கொண்டே எழுந்து போனான். மயிலாள் செக்குப் பலகையில் உட்கார்ந்து சுற்றி வருவதை முத்திருளன் எத்தனையோ முறை பார்த்திருக்கிறான். இருந்தும் முகத்தில் காட்டாமல், "உத்தரவு பிரபு" என்று குனிந்தான்.

மாலையில் விளக்கு வைத்ததும், இளவரசரை மடியில் வைத்து மீசையை இழுக்கக் கொடுப்பது ராஜாவின் வழக்கம். அன்று போனால், அந்தப்புர வாசலில் முத்திருளன் கோலைக் குறுக்கே நீட்டி நிற்கிறான்! பக்கத்தில் அரிசி மண்டி நாகலிங்கம் செட்டியார், வேர்த்து விறுவிறுத்து.

"வழி விடு."

"மன்னிக்க வேண்டும் பிரபு. மழை பொய்த்துக் களஞ்சியம் காலி. இரண்டு மாதமாக அரண்மனையில் வேகிறது இந்தச் செட்டியார் கடனுக்குத் தந்த அரிசி. இளவரசருக்குச் சோறு போடுபவர் இவர். சட்டப்படி இவர்தான் உள்ளே போகலாம். தங்கள் நிழல்கூடப் படக் கூடாது."

"ஐயோ சாமி, எனக்கு எதுக்கு இந்த வம்பு? நான் கடைக்குப் போறேன்" என்று நழுவிய செட்டியாரின் துண்டை முத்திருளன் விடவில்லை.

உள்ளேயிருந்து, "அப்பா!" என்று குழந்தை கூப்பிட்டது. கோல் அசையவில்லை. ராஜாவுக்குக் கண் சிவந்தது.

"இல்லாத காலத்தில் கடன் வாங்கினேன். அதனால் நான் தகப்பன் இல்லையென்று ஆகிவிடுமா?"

"அதைத்தான் பிரபு, காலையில் வைரவனும் கேட்டான்."

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்! ராஜா அந்தச் சட்டத்தை அந்த இடத்திலேயே ரத்து செய்துவிட்டுத்தான் உள்ளே போக முடிந்தது.

மறுநாள் வழக்கை முழுசாகக் கேட்டார். வளர்பிறையில் தாயிடம், தேய்பிறையில் தகப்பனிடம், தகப்பன் நெல்லும் தர வேண்டும் என்று முடிவாயிற்று.

"பாதி நாள் எங்கிட்ட சாப்பிடுவாளே, அப்புறம் நெல்லு எதுக்கு?" என்றான் வைரவன்.

"மீதி நாள் பட்டினி கிடப்பாளா?" என்றான் முத்திருளன். "ஓடும்போது பூக்கூடையைவிடச் செக்குக்கு வரும்படி அதிகம். அதிகம் வருகிறவன் கூடுதலாகத் தர வேண்டும். இப்போதுபோல் செக்கு நின்றால் சபைக்கு வந்து சொல், அளவைக் குறைத்துத் தருவார்கள். சொல்லாமல் நிறுத்தாதே."

"அவரு நிறுத்திட்டா?" என்றாள் செங்கமலம்.

"இங்கே வந்து கேள் தாயே, வாங்கித் தருகிறோம். அதற்காகப் பிள்ளையைப் பிடித்து வைக்காதே. நெல்லும் அவளுக்குச் சேர வேண்டியது, அப்பனும் அவளுக்குச் சேர வேண்டியவன்."

செங்கமலம் முறைத்தாள். பிறகு மகளை இடுப்பிலிருந்து இறக்கிவிட்டாள். மயிலாள் ஒரே ஓட்டமாக ஓடி அப்பன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

ராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு, முத்துமாலையைக் கழற்றி விகடனுக்குப் போட்டார். அவனோ அதை, வேடிக்கை பார்க்க வந்திருந்த செட்டியாரிடம் நீட்டினான்.

"இளவரசர் சாப்பாட்டுக் கணக்கில் வரவு வைத்துக்கொள்ளும். இல்லையென்றால் சாயங்காலம் உம் மீசையைத்தான் இழுப்பார்."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்த கையோடு, கொக்கி போட்ட அனந்தகோடியின் தங்கச் சங்கிலியைக் கழற்றி விகடன் கழுத்தில் போட்டார்.

அதை விற்று முத்திருளன் வைரவனுக்கு ஒரு செக்குமாடு வாங்கிக் கொடுத்தான். அந்தத் தேய்பிறை முழுக்க மயிலாள் செக்குப் பலகையில் உட்கார்ந்து சுற்றி வந்தாள்.