நடுவர் வீட்டுப் பின்வாசல்

“எம் பொண்ணு எங்கிட்ட பேசி மூணு மாசம் ஆச்சும்மா. ஹாஸ்டல்ல சேர்த்து விடுங்கன்னு சீட்டு எழுதி நீட்டுறா. அவளை எப்படியாவது வீட்டுல நிறுத்தணும்.”

நல்லசிவம் இப்படி முறையிட்டபோது, மடத்துக் கூடத்தில் குருவம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நல்லசிவத்தைவிட அவருக்குப் பத்து வயது குறைவு. ஆனாலும் அவர்தான் குரு.

நல்லசிவம் பட்டிமன்ற நடுவர். குடும்பத்தில் விட்டுக்கொடுக்க வேண்டியது கணவனா மனைவியா என்று தீர்ப்புச் சொன்னால், கூட்டத்தில் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அவரும் துடைத்துக்கொள்வார், விளக்கு வெளிச்சம் முகத்தில் விழும்படி திரும்பி.

ஊருக்குத்தான் உபதேசம் என்பார்களே, அந்த ரகம் இல்லை. வீட்டிலும் உபதேசம்தான்.

வீட்டில் கை ஓங்கியதே இல்லை என்றார். குரலைக்கூட உயர்த்தியதில்லையாம். எது நடந்தாலும் மனைவியையும் மகளையும் எதிரே நிற்க வைத்து, சிரித்த முகமாக, யார் மேல் தப்பு என்று கேட்பாராம். ஒப்புக்கொள்ளும்வரை கேட்பாராம். சோறு ஆறிப்போனாலும் சரியாம்.

“நீங்க அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் எப்படிப்பட்டவன்னு ஊருக்கே தெரியுது. அவளுக்குத் தெரியலை.”

குருவம்மாள் எழுந்து போனார். வாசலில் கிடந்த நல்லசிவத்தின் தோல் செருப்பை எடுத்து உள்ளே வைத்துப் பூட்டினார். தெருமுனையில் வரும்போதே கிறீச்சென்று கேட்கும் செருப்பு அது.

“வெறுங்காலோட வீட்டுக்குப் போங்க. பின்வாசல் வழியா. நாளைக்கு வந்து சொல்லுங்க.”

போனார். வெயிலில் கால் வெந்தது.

மறுநாள் வந்தவருக்குப் பேயறைந்த முகம். உட்காரச் சொன்னதுகூடக் காதில் விழவில்லை.

பின்வாசலில் கால் வைத்தபோது சமையலறையில் ஒரே சிரிப்பாம். மகள் பூங்கோதை பள்ளிக்கூடத்து டீச்சர் மாதிரி நடித்துக் காட்ட, மனைவி மரகதம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கிறாள். கல்யாணமாகி இருபது வருடத்தில் அந்தச் சத்தத்தை அவர் கேட்டதே இல்லை. வேறு யார் வீட்டிலோ நுழைந்துவிட்டோமோ என்று ஒரு நிமிடம் திகிலாகிவிட்டதாம்.

“அப்புறம் எனக்குச் சந்தோஷமாத்தாம்மா இருந்துச்சு. நானும் சிரிச்சுக்கிட்டே உள்ளே போனேன்.”

“ம்.”

“மரகதம் சட்டுனு அடுப்பை அணைச்சா. பூங்கோதை ஓடி வந்து எதிரே நின்னுக்கிட்டா. ‘தப்பு என் மேலதாம்ப்பா’ன்னா. மூணு மாசத்துல அவ எங்கிட்ட பேசின முதல் வார்த்தை.”

“நீங்க என்ன கேட்டீங்க?”

நல்லசிவம் பதில் சொல்ல வாயைத் திறந்தார். வழக்கமான அந்தச் சிரிப்பு தானாகவே உதட்டுக்கு வந்தது. சட்டென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

கைக்குள்ளிருந்துதான் குரல் வந்தது.

“நான் இன்னும் எதுவுமே கேட்கலையேம்மா.”