பல்லி பாதியில் விட்ட வரி

அந்தக் காலத்தில் பல்லிக்கு முழு வாய் இருந்தது. இன்றைக்கு நாம் கேட்கிற ‘ச்ச், ச்ச்’ எல்லாம் அப்போது கிடையாது. நம்மைப் போலவே நிறுத்தி நிதானமாகப் பேசும். பல்லி மட்டுமா, காக்கையும் எருமையும் மயிலும்கூட வாய் ஓயாமல் பேசிக்கொண்டு திரிந்த காலம் அது. அதனால் பாட்டுக் கட்டுகிறவர்களுக்கு ஒரு பெரிய வசதி இருந்தது. ஆளுக்கொரு பிராணியைச் சொல்துணையாக வைத்துக்கொள்வார்கள். ஓலையும் எழுத்தாணியும் புலவன் கையில் இருக்கும்; முதல் சொல்லைத் துணை எடுத்துக் கொடுக்கும். ஒருவன் வீட்டில் கிளி இருந்தது, இன்னொருவன் வீட்டில் ஒரு கிழட்டு வெள்ளாடு இருந்தது. துணையில்லாமல் எவனாவது பாட்டுக் கட்ட உட்கார்ந்தால் ஊரே கைகொட்டிச் சிரிக்கும்.

ஆற்றங்கரை ஊர் ஒன்றில் சேந்தன் என்று ஒரு புலவன் இருந்தான். அவனுடைய துணை ஒரு மைனா. கல்யாணத்துக்கு ஊஞ்சல் பாட்டு, குழந்தைக்குக் காதுகுத்துப் பாட்டு, எதைக் கேட்டாலும் மைனா அடியெடுத்துக் கொடுக்கும், சேந்தன் பாடி முடிப்பான். சுற்றுவட்டாரத்தில் அவன் இல்லாமல் ஒரு விசேஷம் நடக்காது. வீட்டில் இருக்கிற நாட்கள் குறைவு. அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அவனுடைய மகள் அல்லிக்கு ஆறு வயது. மூன்றாவது ஊரில் ஒரு பெரிய வீட்டுக் காதுகுத்தில் சேந்தன் பாடிக்கொண்டிருந்தபோது, இங்கே அல்லிக்குக் காய்ச்சல் கண்டது. ஆள் வந்து சொல்லி, இவன் ஓடி வந்து வாசலில் கால் வைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அவன் மனைவி நாச்சி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அவன் முகத்தைப் பார்க்காமல், “தூக்கத்துலயே போயிட்டா. யாரையும் கேக்கல” என்றாள்.

அதோடு அவள் வாய் மூடிக்கொண்டது. அன்றைக்கும் அவள் அழவில்லை, அடுத்த நாளும் அழவில்லை. வாசல் தெளிப்பாள், சோறு வடிப்பாள், அவனுக்கு இலை போடுவாள். பேச்சு மட்டும் இல்லை. தன் தட்டில் போட்டுக்கொள்கிற சோறு மாதத்துக்கு மாதம் குறைந்துகொண்டே வந்தது.

மைனா ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தது. “எனக்குக் கல்யாணப் பாட்டுதான் வரும் சேந்தா. இந்த வீட்டுல எனக்கு மூச்சு முட்டுது” என்று சொல்லிவிட்டுப் பறந்துபோயிற்று. நல்ல காலத்துக்கு மட்டும் வருகிற துணை எதற்கு ஆகும்? போகட்டும் என்று விட்டான்.

ஊர் வைத்தியர் பூதத்தான் வந்து நாச்சியின் நாடியைப் பிடித்துப் பார்த்தார். சேந்தனை வெளியே கூட்டிக்கொண்டு போய், “உள்ள என்னத்தையோ கட்டி வச்சிருக்கா வே. வாய்விட்டு அழுதான்னா பொழைச்சுக்கிடுவா. இல்லன்னா அடுத்த மழையப் பாக்க மாட்டா” என்றார்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. இறந்து ஒரு வருஷம் முடிகிற நாளில் வீட்டுக்காரர் முற்றத்தில் நின்று இறந்தவரைப் பற்றி ஒரு பாட்டுப் பாட வேண்டும். கேட்டவர்கள் அழுதால் துக்கம் கழிந்தது என்று கணக்கு. சேந்தனுக்கு அதுதான் கடைசி நம்பிக்கை. நாச்சியை அழவைக்கிற ஒரு பாட்டைக் கட்டிவிட்டால் அவளைப் பிழைக்கவைத்துவிடலாம். அதற்கு ஒரு துணை வேண்டும்.

தேடிக்கொண்டு கிளம்பினான். காக்கையைக் கேட்டான். அது எந்த வீட்டில் என்ன குழம்பு என்பதைத் தாண்டி ஒன்றும் பேசவில்லை. மயிலைக் கேட்டான். “பாடலாமே! முதல் பத்து அடி என் தோகையைப் பத்தி இருக்கட்டும், அப்புறம் உன் மகளுக்கு வருவோம்” என்றது. எருமையைக் கேட்டான். அது மூன்று நாள் அசைபோட்டு யோசித்து, நாலாம் நாள் “ம்” என்றது. சேந்தன் தலையில் அடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

வருஷம் முடிய இன்னும் பதினைந்து நாள்தான் இருந்தது. ஊர் சிரித்தால் சிரிக்கட்டும் என்று தனியாகவே உட்கார்ந்தான். கூடத்தில் ஓலையை மடியில் வைத்துக்கொண்டு, பழக்கத்தில் கைக்கு வந்ததை எழுதி, உரக்கப் படித்துப் பார்த்தான்.

“தாமரைப் பூமுகமே, தங்கத் தேர் சாய்ந்ததம்மா…”

“பொய்” என்று தலைக்கு மேல் ஒரு குரல் கேட்டது.

சேந்தனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவன் வீட்டில், அவன் பாட்டைப் பொய் என்று யார் சொல்வது? அண்ணாந்து பார்த்தான். சுவரில், உத்திரத்துக்குக் கொஞ்சம் கீழே, ஒரு பல்லி தலைகீழாக ஒட்டிக்கொண்டு அவனையே பார்த்தது.

“தாமரையாம், தேராம்! அந்தப் பிள்ளை தாமரையக் கண்டுச்சா, தேரக் கண்டுச்சா? பூசணிப் பூவக் காதுல சொருகிக்கிட்டுத் திரிஞ்ச பிள்ளை அது. ரெண்டு காதுலயும் மகரந்தம் அப்பிக்கிட்டு மஞ்சமஞ்சேர்னு நிக்கும்.”

சேந்தன் வாயைப் பிளந்தான். அவனுக்கு அது தெரியாது. ஆறு வருஷம் அப்பனாக இருந்திருக்கிறான், பெற்ற பிள்ளை காதில் என்ன பூ வைத்துக்கொள்வாள் என்று தெரியாது.

“உனக்கு எப்படித் தெரியும்?” என்றான்.

“நான் எங்க போனேன்? இந்தச் சுவர்லதான கெடக்கேன். வீட்டுல இல்லாதவன் நீதான்.”

சுருக்கென்று தைத்தது. ஆனாலும் தேடிய துணை கிடைத்துவிட்டது என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. ஊர் ஊராக அலைந்தவனுக்கு அது சொந்த வீட்டுச் சுவரிலேயே இருந்திருக்கிறது. எழுந்து நின்று கைகூப்பினான். “எனக்குச் சொல்துணையா இரு. அல்லியப் பத்திச் சொல்லு.”

பல்லி சுவரில் கொஞ்சம் கீழே இறங்கி வந்தது. “இருக்கேன். ஆனா ஒண்ணு. நான் பாத்தத மட்டுந்தான் சொல்லுவேன், பாக்காததச் சொல்லச் சொல்லாத. பாத்ததச் சொல்லாதன்னும் என்னைத் தடுக்கக் கூடாது. சம்மதமா?”

“சம்மதம்” என்றான் சேந்தன். எவ்வளவு பெரிய விஷயத்துக்குத் தலையாட்டுகிறோம் என்று அப்போது அவனுக்குத் தெரியவில்லை.

அன்றிலிருந்து தினம் காலையில் பல்லி சொல்ல, அவன் எழுதினான். ஒவ்வொன்றும் அவனை உலுக்கியது. பானையில் அடிப்பிடித்த காந்தலைச் சுரண்டித் தின்பதற்காகவே அல்லி அடுப்படியில் காத்திருப்பாளாம். இடி இடித்தால் மற்றப் பிள்ளைகள் அம்மாவிடம் ஓடும், இவள் உரலைப் போய்க் கட்டிக்கொள்வாளாம். சுவரில் போகிற எறும்பை எண்ணும்போது ஆறுக்குப் பிறகு எட்டு என்பாளாம். சேந்தன் அதை இப்படி எழுதினான்:

“ஆறுக்குப் பின்னே எட்டென்பாள் என் அல்லி,
ஏழு அவளுக்கு வரவே இல்லை.”

எழுதிவிட்டு எழுத்தாணியைக் கீழே வைத்தான். பெற்ற மகளை அவள் போன பிறகு, ஒரு பல்லியிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட வலி அதிகமாக இருந்தது.

அவன் படித்துப் பார்க்கும்போதெல்லாம் அடுப்படியில் அம்மி அரைக்கிற சத்தம் நின்றுபோவதைக் கவனித்தான். நாச்சி கேட்டுக்கொண்டிருக்கிறாள். அழுகை வரவில்லைதான், ஆனால் கேட்கிறாள். இந்தப் பாட்டு வேலை செய்யும்!

வருஷ நாளுக்கு முந்தின நாள் வந்தது. கடைசி அடி ஒன்றுதான் பாக்கி. நல்ல மத்தியான வெயில். சேந்தன் ஓலையை எடுத்து வைத்துக்கொண்டு, “முடிச்சிடலாமா? ‘தூங்கினாள், தூங்கியபடியே போய்விட்டாள்’னு எழுதிக்கிடட்டுமா?” என்று கேட்டான்.

வழக்கமாகத் துள்ளிக்கொண்டு பேசுகிற பல்லி, அன்றைக்கு அசையாமல் இருந்தது.

“என்ன? எழுதட்டுமா?”

“அது நான் பாத்தது இல்ல சேந்தா.”

“நாச்சியே சொன்னாளே.”

“சொன்னா. நானும் கேட்டேன். ஆனா நான் பாத்தது வேற.”

சேந்தன் ஓலையைக் கீழே வைத்தான். “என்ன பாத்த?”

“இதே மாதிரி மத்தியானம். பிள்ளை கண்ணத் தொறந்துச்சு. அப்பா எங்கன்னு கேட்டுச்சு. வந்துக்கிட்டிருக்காருன்னு ஒம் பொண்டாட்டி சொன்னா. திரும்பத் திரும்பக் கேட்டுச்சு. அப்பாவ ஊஞ்சப் பாட்டுப் பாடச் சொல்லுன்னுச்சு.”

“போதும்” என்றான் சேந்தன்.

“ஒம் பொண்டாட்டி, ‘அந்தா, அப்பா வாசல்ல வந்துட்டாரு, கேளு’ன்னு சொல்லிட்டு வெளிய ஓடுனா. வெயில்ல நின்னுக்கிட்டு, தொண்டையக் கட்டையாக்கி, ஒங் குரல்ல பாடுனா. அவளுக்கு எங்க ஒங் குரல் வரும்? ஆனாலும் பாடுனா. அதக் கேட்டுட்டு உள்ள படுத்திருந்த பிள்ளை சொல்லுச்சு…”

“நிறுத்து!”

“என்னத் தடுக்கக் கூடாதுன்னு சொன்னேன். பிள்ளை சொல்லுச்சு, அது…”

சேந்தன் பாய்ந்துவிட்டான். என்ன செய்கிறோம் என்று அவனுக்கே தெரியாது. அந்தச் சொல் வெளியே வந்துவிடக் கூடாது, தன் காதில் விழக் கூடாது, அவ்வளவுதான். எட்டிப் பல்லியைப் பிடித்தான். பல்லி வழுக்கிக்கொண்டு மேலே ஓடியது. அவன் கை வாலை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

பட்டென்று வால் அறுந்தது.

அதுவரை எந்தப் பல்லிக்கும் வால் அறுந்ததில்லை. சேந்தன் அலறிக்கொண்டு கையை உதறினான். வால் அவன் எழுதிய ஓலையின் மேல் விழுந்து, அங்கேயும் இங்கேயுமாகத் துடித்தது. உடம்பு இல்லை, உயிர் மட்டும் இருக்கிறது. உத்திரத்தில் போய் ஒட்டிக்கொண்ட பல்லி வாயைத் திறந்தது. வார்த்தை வரவில்லை.

“ச்ச்” என்றது. மறுபடி முயன்று பார்த்தது. “ச்ச். ச்ச்.”

துணையாக இருக்கச் சொல்லிக் கைகூப்பியவனே கையை ஓங்கிவிட்டானே என்கிற அதிர்ச்சியில் அதன் பேச்சு அடியோடு நின்றுபோயிருந்தது. சேந்தன் துடிக்கிற வாலையும் பல்லியையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு நின்றான். அல்லி என்ன சொன்னாள்? கேட்கக் கூடாது என்று நினைத்த அதே சொல்லுக்கு இப்போது அவன் மனசு கிடந்து தவித்தது. பார்த்த ஒரே சாட்சியின் வாயை அவனே அடைத்துவிட்டான்.

அப்போது பின்னால் ஒரு சத்தம் கேட்டது. டொக், டொக், டொக்.

திரும்பினான். அடுப்படி நிலைப்படியில் நாச்சி நின்றுகொண்டிருந்தாள். பல்லியையே பார்த்தபடி, ஆள்காட்டி விரலால் நிலைக்காலில் தட்டிக்கொண்டிருந்தாள். பல்லி ச்ச் என்னும், அவள் ஒரு தட்டுத் தட்டுவாள்.

“ஆமா” என்றாள் நாச்சி. “நிஜந்தான்.”

ஒரு வருஷமாகக் கேட்காத குரல். சேந்தன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“கேட்டா. உங்களத்தான் கேட்டா. சொன்னா தாங்க மாட்டீங்கன்னு மறைச்சேன். வாயத் தொறந்தா அது வந்துருமோன்னு மூடிக்கிட்டேன்.”

“என்ன சொன்னா நாச்சி?” என்றான் சேந்தன். “வாசல்ல நீ பாடுனப்ப, உள்ள என்ன சொன்னா?”

நாச்சி தட்டுவதை நிறுத்தினாள்.

“‘அது நீதானம்மா’ன்னா. ‘வெயில்ல நிக்காத, உள்ள வந்து ஒங் குரல்லயே பாடு’ன்னா.” நாச்சி நிலைக்காலைப் பிடித்துக்கொண்டாள். “நான் உள்ள வர்றதுக்குள்ள…”

அதற்குமேல் சொல்ல முடியவில்லை. ஒரு வருஷத்து அழுகை மொத்தமும் அவளிடமிருந்து ஒரே பாய்ச்சலாக வந்தது. சேந்தன் தவழ்ந்து போய் அவளைப் பிடித்துக்கொண்டான். இரண்டு பேரும் அழுத சத்தம் கேட்டு வைத்தியர் பூதத்தான் தெருக்கோடியிலிருந்து ஓடி வந்தார். வாசலில் நின்று கேட்டுவிட்டு, உள்ளே நுழையாமல் திரும்பிப் போனார்.

மறுநாள் முற்றத்தில் ஊர் கூடியது. சேந்தன் பூசணிப் பூவைப் பாடினான், காந்தலைப் பாடினான், அவளுக்கு வராத ஏழு என்ற எண்ணைப் பாடினான். கடைசி அடிக்கு வந்ததும் நிறுத்திவிட்டு நாச்சியைப் பார்த்தான். அவள் எழுந்து வந்து, கரகரத்த தன் சொந்தக் குரலில், அல்லி கடைசியாகச் சொன்னதையே பாடினாள். அன்று அந்த ஊரில் அழாதவர் ஒருவரும் இல்லை. பல்லியும் கூடத்துச் சுவரிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது.

நாச்சி பிழைத்துக்கொண்டாள். பல்லிக்கு வாலும் முளைத்தது. பேச்சுதான் திரும்பி வரவில்லை. சேந்தன் எத்தனையோ தடவை அதன் முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டான். அது கோபமாக இருந்த மாதிரி தெரியவில்லை, வீட்டைவிட்டும் போகவில்லை. இதைக் கேள்விப்பட்ட மற்றப் பிராணிகள் மிரண்டுபோய், மனிதனுக்குச் சொல் கொடுக்கிற வேலையே வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டன.

அதனால்தான் பாட்டும் கதையும் எழுதுகிறவர்கள் இன்றைக்கும் துணையில்லாமல், வெறும் சுவரை வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பிடிக்கப் போனால் பல்லி வாலை மட்டும் கையில் விட்டுவிட்டு ஓடுவதும் அதனால்தான். நாம் பேசிக்கொண்டிருக்கும்போது சுவரிலிருந்து ‘ச்ச், ச்ச்’ என்று கேட்டால், பாதியில் நின்ற அந்த வரியைத்தான் அது இன்னும் சொல்லப் பார்க்கிறது. அதைக் கேட்டதும் சட்டென்று பேச்சை நிறுத்தி, விரலால் மூன்று தட்டுத் தட்டி, ‘ஆமா, நிஜந்தான்’ என்று நாம் சொல்கிறோமே, அது அன்று நாச்சி தட்டியது முதல்தான்.