கை பொறுக்கிற சூடு

மந்திகுளத்தில் புத்தியைப் பங்கு வைத்த அன்றைக்கு மூன்று பேர் ஊரில் இல்லை. மாசானம், அவன் தம்பிகள் பலவேசம், செம்புலிங்கம். அந்த மாசானத்துக்குத்தான் வாக்கப்பட்டாள் உலகம்மாள்.

அவளுக்குத் தலைப்பிரசவம், பெண் குழந்தை. புண்ணும் வலியுமாக உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. வீட்டில் வேறு பெண் துணை கிடையாது. மருத்துவச்சி சுடலி புறப்படும்போது ஆண்கள் மூவரையும் நிறுத்திச் சொன்னாள்:

"வேப்பிலையும் மஞ்சளும் போட்டுக் கொதிக்கவச்சு, கை பொறுக்குத சூட்டுல புண்ணு கழுவக் குடுங்க. வலிக்குச் சுக்குக் கசாயம், எட்டுக்கு ஒண்ணா வத்தணும். மூணு நாள் கழிச்சு வாரேன்."

தண்ணீர் கொதித்தது. "கை பொறுக்குத சூடுன்னா, யாரு கை?" என்றான் பலவேசம்.

மாசானம் வெகுநேரம் யோசித்தான். "ஊருலயே சூடு பொறுக்குத கை கொல்லாசாரி கைதான். சாதாரணக் கைய வச்சு அளந்தா மருந்துல கொறை வந்துரும்."

இரும்புப் பட்டறையிலிருந்து ஆசாரி வந்தார். கொதிக்கிற பானைக்குள் கையை விட்டு, "பொறுக்குது" என்றார் பெருமையாக.

"அத ஆறவச்சு இங்க கொண்டாங்க" என்றாள் உள்ளேயிருந்து உலகம்மாள். "எனக்கும் ரெண்டு கை இருக்கு."

அடுத்தது கசாயம். செம்புலிங்கம் எட்டுத் தம்ளர் தண்ணீர் அளந்தான். எட்டு ஒன்றாக வேண்டும், அவ்வளவுதானே? ஏழு தம்ளரைக் கொல்லையில் கொட்டினான். மிச்சத்தில் ஒரு முழுச் சுக்கை மிதக்கவிட்டு நீட்டினான்.

உலகம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூடவே அடிவயிற்றைச் சுண்டி இழுத்தது. "சிரிக்க வைக்காதிய கொழுந்தனாரே, உசிரு போவுது."

உசிரு போகும் என்றால் சும்மா இருப்பார்களா? உலகம்மாளுக்குச் சிரிப்பே வராதபடி மூவரும் அவள் வாசலில் உட்கார்ந்து மாரடித்து ஒப்பாரி வைத்தார்கள். சாவு விழுந்துவிட்டதென்று தெருவே திரண்டு வந்தது. வந்த பெண்கள் சங்கதி தெரிந்ததும் அடுப்படியைப் பிடித்துக்கொண்டார்கள். கசாயம் கசாயமாக வந்தது, வெந்நீர் வெந்நீராக வந்தது.

மூன்றாம் நாள் சுடலி வந்தாள். "வலி எப்படித் தாயி இருக்கு?"

"போயிருச்சுக்கா."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எப்பப் போச்சு? வாசல்ல நாந்தான இருந்தேன்" என்றான் பலவேசம்.

"பொறவாசல் தொறந்து கெடந்துச்சு" என்றான் செம்புலிங்கம்.

மாசானம் துள்ளி எழுந்தான். நம் வீட்டு வலி யார் வீட்டில் போய் நிற்கிறதோ. தம்பிகளோடு கொல்லை வழியே ஓடினான். அடுத்த வீட்டில் முத்தையா அண்ணாச்சி தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன அண்ணாச்சி?"

"காலையிலருந்து வலி உயிர எடுக்குப்பா."

மாசானம் கைகூப்பினான். "மன்னிச்சுக்கிடுங்க, அது எங்க வீட்டுது. பயப்படாதிய அண்ணாச்சி, சுடலி இங்கதான் இருக்கா. அநேகமா பொம்பளப் பிள்ளையாத்தான் இருக்கும்."