மயிலைக் காளை மென்று விழுங்கிய சாட்சி

அந்தக் காலத்தில் மாடும் பேசும், காக்காயும் பேசும். ஏருக்கு ஒற்றை மாடுதான். அந்த ஏரை ஆணும் பிடிப்பான், பெண்ணும் பிடிப்பாள். யார் கை சும்மா இருக்கிறதோ அவர் உழுவார். கரம்பாய்க் கிடக்கும் நிலத்தை முதலில் யார் உழுது விளைய வைக்கிறாரோ, நிலம் அவருக்குத்தான். ஊர் வழக்கம் அது.

காத்தாயியும் அவள் புருசன் சங்கிலியும் ஒரு கரம்பைக் கேட்டு வாங்கினார்கள். முதல் மழையிலேயே சங்கிலியின் காலில் கருவேல முள் ஏறிப் புரையோடிவிட்டது. படுத்தவன் கதிர் முற்றும்வரை எழுந்திருக்கவில்லை. சாம்பல் நிற மயிலைக் காளையைப் பூட்டி உழுதவள் காத்தாயி. நட்டவள், களை பறித்தவள், கிளி விரட்டியவள் எல்லாம் அவள்தான். நடுவில் அவனுக்குக் கஞ்சியும் காய்ச்சிக் கொடுத்தாள்.

அறுப்புக்கு முன்னால் ஊரார் வரப்பில் வந்து நின்று, யார் உழுதது என்று கேட்டார்கள். படுத்துக் கிடந்தேன் என்று சொல்ல சங்கிலிக்கு வெட்கம். நான்தான் என்றான். காலில் ஏறிய முள் அவன் நாக்கில் ஏறியிருக்கக் கூடாதா?

காத்தாயி சண்டைக்குப் போகவில்லை. ஏரை இழுத்த மாட்டையே கேளுங்கள் என்றாள்.

மயிலை யோசித்தது. காத்தாயி ஏர் பிடித்தால் ஆழ உழுவாள், ஒரு மூலை விடமாட்டாள். சங்கிலியோ இரண்டு சால் ஓட்டிவிட்டு நிழலுக்குப் போகிறவன். அவனிடம் இருந்தால் தனக்கும் நிழல் கிடைக்கும். வாயில் இரையோடு இருப்பவரைப் பேசச் சொல்லக் கூடாது என்று அப்போது ஒரு மரியாதை உண்டு. மயிலை ஒரு வாய் வைக்கோலைக் கவ்வியது. மென்றது, விழுங்கியது, விழுங்கியதையே மேலே கொண்டுவந்து மறுபடி மென்றது.

பொழுது சாய்ந்தது. ஊராருக்குப் பசி வந்துவிட்டது. அவள் உள்ளங்கையைத் திருப்பிக் காய்ப்பைப் பார்க்க அத்தனை பேரில் ஒருத்தனுக்கும் தோன்றவில்லை.

“மாடு மறுத்துப் பேசலையே. அப்ப சங்கிலி சொன்னதுதான்” என்றார் ஊர்த்தலைவர். “இனிமே இந்த வம்பே வேணாம். ஏரு ஆம்பளைக்கு. பொம்பளை அதைத் தொட வேணாம். நாத்து நடட்டும், களை பறிக்கட்டும்.”

தான் விளைய வைத்த வயலில் காத்தாயி அன்றே கூலிக்காரி ஆனாள். மயிலையின் முன்னால் போய் நின்றாள்.

“சொல்ல வேண்டியதச் சொல்லாம மென்னுட்டல்ல? மென்னுக்கிட்டே இரு. அது உள்ளயும் போகாது, வெளியயும் வராது.”

மயிலை பயந்துபோய்க் காத்தாயம்மா என்று கூப்பிடப் பார்த்தது. ம்மா என்று மட்டும்தான் வந்தது.

அன்று தொட்டுத்தான் தீனி இல்லாதபோதும் மாடு மென்றுகொண்டே இருக்கிறது. அன்று தொட்டுத்தான், நட்டு, களையெடுத்து, அறுத்தவள் வயலில் எதிரே நின்றாலும், “இங்க விவசாயி யாரும்மா, கூப்பிடு” என்று அவளிடமே கேட்கிறார்கள்.