கணவாய் நிழலைத் தொலைத்த கதை

அந்தக் காலத்தில் கடலில் வாய் இல்லாத உயிரே கிடையாது. கண்ணுக்குத் தெரியாத கிருமிகூட வாயாடும். அவற்றில் துமி என்றொருத்தி இருந்தாள். ஒளிவிடும் கிருமிக் கூட்டத்தில் பிறந்தவள். வாயும் அதிகம், அவசரமும் அதிகம்.

அந்தக் கூட்டம் ஒரு சின்னக் கணவாய் மீனின் வயிற்றுப் பைக்குள் குடியிருந்தது. சோறும் இடமும் கணவாய் கொடுக்கும். பதிலுக்குக் கிருமிகள் ஒளி கொடுக்க வேண்டும் என்று பேச்சு. நிலா வெளிச்சத்தில் கணவாய் இரை தேடப் போனால் அதன் நிழல் கீழே விழும். நிழலைப் பார்த்தால் சீலா மீன் பாய்ந்துவிடும். வயிறும் நிலாவைப் போல ஒளிர்ந்தால் நிழலே தெரியாது.

ஆனால் கிருமிகள் ஆளுக்கொரு நேரத்தில் ஒளிவிட்டன. ஒரு நாள் துமி தனியாகப் பளிச்சென்று மின்னினாள். அந்த ஒற்றைப் பொட்டு வெளிச்சமே காட்டிக்கொடுத்தது. சீலா பாய்ந்ததில் கணவாய்க்கு ஒரு கை போயிற்று.

"ஏன்டி, உன்னை யாரு இப்ப மின்னச் சொன்னது?" என்று கணவாய் அழுதது. "நாளைக்குப் பௌர்ணமி. நாளைக்கும் இப்படின்னா நான் செத்தேன். நான் செத்தா நீங்களும் இல்ல."

துமியை வெட்கம் பிடுங்கித் தின்றது. மறுநாள், எல்லாரும் ஒரே நேரத்தில் மின்னினால்தான் பிழைக்கலாம் என்று, "எல்லாரும் சேர்ந்தாச்சா?" எனக் கத்தினாள். லட்சம் பேரும் திருப்பிக் கத்தினார்கள். யார் பேச்சு யாருக்குக் கேட்கும்? ஒரே சந்தைக்கடை இரைச்சல். மேலே நிலா ஏறிக்கொண்டிருந்தது, கீழே சீலா காத்திருந்தது.

துமி வாயை மூடினாள். தன் குரலைக் கரைத்து, ஒரு துளி வாசனையாக்கி நீரில் விட்டாள். போன குரல் திரும்பாது, தெரிந்தேதான் விட்டாள். பக்கத்திலிருந்தவள் அதை முகர்ந்தாள். 'ஓ, இவள் இருக்கிறாள்' என்று புரிந்துகொண்டு தன் குரலையும் கரைத்தாள். இப்படியே ஆளுக்கொரு துளி. வாசனை லேசாக இருந்தால் இன்னும் ஆள் சேரவில்லை, பொறுத்திரு என்று அர்த்தம். பை முழுக்கக் கமகமவென்று மணம் ஏறியதும், யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

லட்சம் விளக்கும் ஒரே நொடியில் எரிந்தன! சீலா அண்ணாந்து பார்த்தது. நிலவைத் தவிர ஒன்றையும் காணோம். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போய்விட்டது. அதன் தலைக்கு மேலேயே கணவாய் ஒய்யாரமாக நீந்தி, வயிறாரத் தின்றது.

"அடி என் தங்கங்களா!" என்று கூத்தாடியது. பதில் சொல்லக் கிருமிகளுக்குக் குரல் இல்லை. இன்னும் கொஞ்சம் பிரகாசமாக ஒளிர்ந்தன.

அன்று முதல்தான் கிருமிகள் வாய் திறப்பதில்லை. தனியாக இருக்கும்வரை இருட்டில் அடங்கிக் கிடக்கும். கூட்டம் சேர்ந்துவிட்டது என்று வாசனை சொன்ன பிறகே, ஒன்றாக விளக்கேற்றும்.